தொற்றுக் காலத்தில் பண்டிகை: வீட்டிலா, நேரலையிலா, நேரிலா, அப்புறம் பார்க்கலாமா?

ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்தாலே யாராவது ஒருவர் கேட்டு எழுதிவிடுகிறார். அடுத்த மாதத் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? பெருநாள் தொழுகைக்கு அத்தாவை (அப்பாவை) அனுப்பலாமா? ஈஸ்டர் திருப்பலியை டிவியில் பார்த்தால் போதுமா? அரசு தடை போட்டுவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நடை திறந்திருக்கிறது, ஆனால் மனசு இரண்டாக நிற்கிறது என்கிற நேரத்தில்தான் குழப்பம்.

கொரோனாவின் இரண்டு ஆண்டுகளில் எல்லா மதத்தாரும் ஏறக்குறைய எல்லா வழிகளையும் செய்து பார்த்துவிட்டார்கள். அந்த அனுபவம் கையில் இருக்கும்போது ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

கடமையா, வழக்கமா? நல்ல நாளில் நாம் செய்கிற பத்து காரியங்களில் இரண்டோ மூன்றோதான் சமயம் கட்டாயம் என்று சொல்பவை. மற்றவை ஊர் வழக்கம், குடும்ப வழக்கம், ஆசை. இஸ்லாத்தில் தொற்று கண்ட ஊருக்குப் போகாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்பது நபிமொழி. தக்க காரணம் இருந்தால் ஜும்ஆ என்கிற வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்குப் பதில் வீட்டில் லுஹர் என்கிற நண்பகல் தொழுகையைத் தொழலாம். 2020 மார்ச்சில் குவைத் பள்ளிவாசல்களின் பாங்கிலேயே ‘வீடுகளில் தொழுங்கள்’ என்ற வரி சேர்ந்து ஒலித்தது. கத்தோலிக்க ஆயர்கள் ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து மக்களுக்கு விலக்கு அளித்தார்கள். இந்துக்களுக்கோ கூட்டமாகக் கூடியே தீர வேண்டும் என்ற விதி அநேகமாகக் கிடையாது. விரதம், திதி, தர்ப்பணம் எல்லாம் வீட்டுக் காரியங்கள்தான். போதாததற்கு, வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகி வெளியாளை உள்ளே விடாத ஊர் நம்முடையது. காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது என்கிற மாரியம்மன் திருவிழாக் கட்டுப்பாடு இன்றும் பல கிராமங்களில் உண்டு. விலகி இருப்பது பக்திக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

அங்கே என்ன நடக்கும்? கூட்டத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. இடம் மூடியதா, திறந்ததா? பாடுவார்களா? சேர்ந்து சாப்பிடுவார்களா? 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்காகக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். உறுதியானவர்களும் சந்தேகத்துக்குரியவர்களுமாக 53 பேருக்குத் தொற்று, இரண்டு பேர் இறந்தே போனார்கள். இரண்டரை மணி நேரம் அடைத்த இடத்தில் வாய்விட்டுப் பாடியதற்குக் கிடைத்த பலன் இது.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? போகிறவருக்கு வயது முப்பது, உடம்பு கல் மாதிரி. சரி. அவர் திரும்பி வந்து யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்? டயாலிசிஸ் செய்துகொள்கிற மாமனாரா, கைக்குழந்தையா? என்னைக் கேட்டால் இந்த அளவுகோலுக்குத்தான் முதல் மதிப்பெண்.

மறுபடி எப்போது வரும்? பிரதோஷம் பதினைந்து நாளில் வந்துவிடும். காஞ்சிபுரம் அத்தி வரதர் 2019-இல் வந்தார், இனி 2059-இல்தான். ஒரு வருடம் பிந்தியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தாலே இந்த அளவுகோல் ஏன் வேண்டும் என்பது புரியும்.

## வழி 1: வீட்டிலேயே கொண்டாடுவது

2020-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 25 தொடங்கி மே 25 பெருநாள் வரை ரமலான் முழுவதும் ஊரடங்குக்குள்ளேயே போனது. பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச அரசு வழக்கமாகத் தரும் பச்சரிசி அந்த வருடம் வீடு வீடாகப் போனது. ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் வீட்டுக் கூடத்தில் நடந்தது. குர்ஆனின் நாலைந்து சூரா (அத்தியாயம்) மனப்பாடமாகத் தெரிந்த பையன் முன்னால் நிற்க, அவனுடைய அத்தாவும் தாத்தாவும் பின்னால் நின்று தொழுத வீடுகள் நிறைய. ஆகஸ்ட் 22 விநாயகர் சதுர்த்திக்கும் இதே கதைதான். தெருவில் சிலை வைக்கவும் ஊர்வலத்துக்கும் தடை, களிமண் பிள்ளையாரை வீட்டில் வைத்துக் கும்பிட்டார்கள்.

திதி, தர்ப்பணம் போன்றவற்றுக்கு இந்த வழி நன்றாகவே பொருந்துகிறது. 2020 ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் கூடத் தடை இருந்தபோது எங்கள் வீட்டில் சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் வீடியோ காலில் வந்தார். போனைச் செம்பில் சாய்த்து நிறுத்தி, தாம்பாளத்தில் கூர்ச்சம் (தர்ப்பைப் புல் முடிச்சு) போட்டு, எள்ளும் தண்ணீரும் விட்டோம். ஒரே தொல்லை, சத்தம் இரண்டு நொடி பிந்தி வரும். அவர் மந்திரத்தின் அடுத்த பாதிக்குப் போயிருப்பார், நாங்கள் முந்தைய பாதியைச் சொல்லிக்கொண்டிருப்போம். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். மந்திரங்களை ஆடியோவாகப் பதிந்து அனுப்பிவிடுகிறேன், நிறுத்தி நிறுத்திப் போட்டுச் சொல்லுங்கள் என்று. அதுதான் சரிப்பட்டது. இனி யாருக்காவது தேவைப்பட்டால் நேராக ஆடியோவுக்கே போய்விடுங்கள்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு இரண்டு. முதலாவது, வீட்டுப் பெண்களின் உழைப்பு. பள்ளிவாசல் கஞ்சி வீட்டுக் கஞ்சியாகிறது, கோயில் பிரசாதம் வீட்டுப் பொங்கலாகிறது, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆண்கள் மூன்று வேளையும் வீட்டில். கொண்டாட்டத்தை வீட்டுக்கு மாற்றுவது என்று தீர்மானிக்கும்போது அடுப்படியில் யார் நிற்கப்போகிறார்கள் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது இன்னும் முக்கியம். ‘வீட்டிலேயே எளிமையாக’ என்று சொல்லிவிட்டு, சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம் என்று இருபத்தைந்து பேரைக் கூப்பிட்டு, ஏசி போட்ட அறையில் பந்தி வைத்தால் அது வீட்டுப் பண்டிகை ஆகாது. முகக்கவசத்தைக் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி ஒரு மணி நேரம் சாப்பிடுவதைவிட, கோயில் வெளிப்பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வருவது பாதுகாப்பு. ‘வீடு’ என்றால் அந்த வீட்டில் தினமும் இருப்பவர்கள் மட்டும்.

பெருநாள் தொழுகையை வீட்டில் தொழலாமா என்பதில் மத்ஹபுகளுக்குள் (இஸ்லாமியச் சட்ட வழிகளுக்குள்) கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ வழியில் தனியாகவும் தொழலாம், ஹனஃபி வழியில் நிபந்தனைகள் கூடுதல். உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுவிடுங்கள்.

இது பொருந்தும் இடம்: அலை ஏறிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் நோயாளியோ முதியவரோ இருக்கும்போது, குடும்பக் கடமைகளுக்கு. பொருந்தாத இடம்: தனியாக இருக்கிற பெரியவர்கள். அவர்களுக்கு ‘வீட்டிலேயே’ என்றால் பேச்சுத் துணை இல்லாத இன்னொரு நாள், அவ்வளவுதான்.

## வழி 2: நேரலையில் பார்ப்பது

2020 மே 4 அன்று மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் ஒரு சில பட்டர்களோடு கோயிலுக்குள் நடந்தது. ஊரே டிவியிலும் போனிலும் பார்த்தது. திருமாங்கல்யம் பூட்டுகிற நேரத்தில் பெண்கள் வீட்டில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு மார்ச் 27-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று உலகத்துக்கு ஆசி வழங்கினார். வேளாங்கண்ணித் திருவிழாவும் அந்த வருடம் பக்தர்கள் இல்லாமல் நேரலையில் போனது.

நேரலை தருவது முக்கியமாக ஒன்று, நேரம். ஊர் முழுக்க அதே நிமிடத்தில் அதே காட்சியைப் பார்க்கிறது. மதுரைக்காரப் பெண்களுக்கு அந்த முகூர்த்த நிமிடம்தான் முக்கியம், அது கைவிட்டுப் போகவில்லை. தர முடியாதது எது என்பதும் தெளிவு. தீர்த்தம் கிடைக்காது, திருநீறு கிடைக்காது. திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணையைத் திரை வழியாக வாங்க முடியாது. ஆன்மிக முறையில் நற்கருணை உட்கொள்ளும் செபத்தைச் சொல்லலாம், திருச்சபையே அதைப் பரிந்துரைத்தது. ஆனால் அது வேறு, இது வேறு என்பதிலும் திருச்சபைக்குச் சந்தேகம் இல்லை. திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றித் தொழுவது கூடாது என்பது பெரும்பாலான உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) முடிவு. குத்பா என்கிற உரையைக் கேட்கலாம், தொழுகை தனி.

ஆகவே, பார்ப்பதே பலன் என்று கருதப்படும் சடங்குகளுக்கு (தரிசனம், தீபம், கல்யாணம்) நேரலை முக்கால்வாசி ஈடு கொடுக்கிறது. உடம்பால் செய்தே ஆக வேண்டியவற்றுக்குக் கால்வாசிகூட இல்லை.

செலவு? டேட்டா போகட்டும். ஆராதனை நடுவே சோப்பு விளம்பரம் வரும், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். உஷாராக இருக்க வேண்டியது பணத்தில். பிரபலக் கோயில் பெயரில் இணையதளம் போல ஒன்றை வைத்துக்கொண்டு, அர்ச்சனைக்குப் பணம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வந்த இணைப்பைத் தொடாதீர்கள். கோயிலின் அதிகாரப்பூர்வத் தளத்துக்கு நீங்களே தேடிப் போங்கள்.

இன்னொன்று, பழகிவிடும். சட்டைகூட மாற்றாமல் சோபாவில் படுத்தபடி திருப்பலி பார்த்தவர்களில் சிலர், கோவில் கதவு திறந்த பிறகும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அதே சமயம், படி ஏற முடியாமல் பல வருடமாகச் சாமி பார்க்காதவர்களுக்கு இது ஒரு வரம். தொற்று போனாலும் அவர்களுக்கு நேரலை தொடர வேண்டும் என்பேன்.

பொருந்தும் இடம்: படுக்கையில் இருப்பவர்கள், வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, முடிந்ததும் கற்பூரம் காட்டி, ஒரு வாய் பாயசம் கொடுத்தால் மதிப்பு இரட்டிப்பு.

## வழி 3: அளவான கூட்டத்தோடு நேரில்

இதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நாம் நினைப்பதைவிடப் பாதுகாப்பு. ஒப்புக்குச் செய்தால் நான்கில் மோசமானது இதுதான்.

பூரி ஜெகந்நாதர் ரத யாத்திரைக்கு 2020 ஜூன் 18-இல் தடை விதித்த உச்ச நீதிமன்றம், 22-ஆம் தேதி நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஒரு தேரை 500 பேருக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுப்பவர்களுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்க வேண்டும், ஊரில் ஊரடங்கு இருக்க வேண்டும். மறுநாள் தேர் ஓடியது. 2019-இல் சுமார் 25 லட்சம் பேர் செய்த ஹஜ்ஜை 2020-இல் ஓராயிரம் பேர் அளவிலேயே செய்தார்கள், 2021-இல் 60,000 பேர். சபரிமலையில் 2020 மண்டல காலத் தொடக்கத்தில் வார நாளில் 1,000 பேர், சனி ஞாயிறில் 2,000 பேர். பம்பையில் குளியல் கிடையாது. சிங்கப்பூரில் 2021 தைப்பூசத்துக்குப் பாத ஊர்வலமும் காவடியும் இல்லை, பால்குடம் மட்டும், அதுவும் முன்பதிவு செய்து.

சடங்கையே கொஞ்சம் மாற்றிக்கொண்டதும் உண்டு. 2021-இல் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு, நெற்றியில் விரலால் சிலுவை வரைவதற்குப் பதில் உச்சந்தலையில் சாம்பலைத் தூவச் சொன்னது வத்திக்கான். 2020 ஜூன் 4-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில் சிலையைத் தொடக்கூடாது, பிரசாதமும் தீர்த்தமும் கொடுக்கக்கூடாது, தொழுகை விரிப்பைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், பாடகர் குழுவுக்குப் பதில் பதிவு செய்த பாட்டு என்றெல்லாம் இருந்தது. பாட்டைப் பற்றிய அந்த வரியை நிறைய இடங்களில் காற்றில் விட்டார்கள். எல்லாவற்றிலும் அதுதான் காப்பாற்ற வேண்டிய வரி.

காகிதத்தில் நிபந்தனை இருந்தால் போதாது என்பதற்கு 2021 ஹரித்வார் கும்பமேளா சாட்சி. ஏப்ரல் நடுவில் இரண்டாம் அலை எகிறிக்கொண்டிருந்தபோது லட்சக்கணக்கானோர் கங்கையில் முழுகினார்கள். 17-ஆம் தேதி பிரதமரே, இனி அடையாளமாக நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அங்கே எடுத்ததாகச் சொல்லப்பட்ட பரிசோதனைகளில் போலிகள் இருந்தது பிற்பாடு வெளிவந்தது.

இந்த வழியின் மறைமுகச் செலவு சன்னதிக்கு வெளியே இருக்கிறது. சன்னதியில் நீங்கள் நிற்பது ஒரு நிமிடம். அதற்காகக் கண்ணாடி ஏற்றிய வேனில் பத்துப் பேராக நாலு மணி நேரம், வழியில் ஹோட்டல், இரவு லாட்ஜ், பொதுக் கழிப்பறை. தூரத்துத் தலம் என்றால் பயணத்தைத்தான் எடைபோட வேண்டும், தரிசனத்தை அல்ல. அப்புறம் முன்பதிவு. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும், இடையில் தரகர் முளைப்பார். இன்னொரு சின்ன விஷயம், கையில் சானிடைசர் தடவிய ஈரம் காய்வதற்குள் கற்பூரம் ஏற்றப் போகாதீர்கள். அது ஆல்கஹால், குப்பென்று பற்றும்.

எந்த நாளில் போவது என்பதிலேயே பாதித் தீர்வு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கூட்டம் மற்ற நாட்களுக்கு நகர்ந்தது, சில ஊர்களில் மூடிய கோயில் வாசலில் நடுத்தெருவில் கல்யாணங்கள் நடந்தன. ஆகவே விசேஷ நாளில் வீட்டில் விளக்கேற்றிவிட்டு, அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள். அர்ச்சகர் நின்று பேசுவார், நாலு வார்த்தை நலம் விசாரிப்பார்.

பொருந்தும் இடம்: அலை இறங்கும்போது, தடுப்பூசி போட்டவர்களுக்கு, திறந்தவெளியில் இருக்கும் பக்கத்துத் தலங்களுக்கு. வயக்காட்டு நடுவில் ஆலமரத்தடியில் இருக்கிற குலதெய்வம் இதற்கு மிகவும் தோது. கிடா வெட்டிப் பங்காளிகள் எல்லாம் கூடிச் சாப்பிடுவதை மட்டும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

## வழி 4: தள்ளி வைப்பது

திதியைத் தள்ள முடியாது. ஈஸ்டரைத் தள்ள முடியாது. ரமலானைத் தள்ள முடியாது. நோயாளி மட்டும் விட்ட நோன்பைப் பிறகு களாவாக, அதாவது ஈடாக, வைக்கலாம். ஆனால் மொட்டை, காது குத்து, பால்குடம், நடைப்பயணம், அன்னதானம் எல்லாமே தாராளமாகத் தள்ளலாம்.

ஜெர்மனியில் ஓபராம்மர்காவ் என்று ஒரு கிராமம். 1633-இல் கொள்ளைநோய் வந்தபோது, காப்பாற்றினால் இயேசுவின் பாடுகளைக் காலம் காலமாக நாடகமாக நடித்துக்காட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்ட ஊர். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த நாடகம் 2020-இல் வந்திருக்க வேண்டும், 2022-க்குத் தள்ளினார்கள். கொள்ளைநோய்க்காகப் பிறந்த நேர்ச்சையையே கொள்ளைநோய்க்காகத் தள்ளி வைக்கலாம் என்றால், உங்கள் பேத்தியின் மொட்டைக்கு என்ன அவசரம்?

நம்மிடமே இதற்கு முறை இருக்கிறது. வேண்டுதலைச் செலுத்த முடியாமல் போகும்போது மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தின் முன் வைத்துவிடுவது. கடன் மறக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. சாமி குற்றம் வந்துவிடும் என்று தூங்காமல் கிடக்கிற பாட்டிக்கு டாக்டர் விளக்கத்தைவிட இந்த முடிச்சு ஆறுதல் தரும்.

தள்ளிப்போட்டால் பின்னால் நெரியும் என்பதுதான் இதன் செலவு. இரண்டு வருடம் அடைத்து வைத்திருந்த மதுரை, 2022 ஏப்ரல் 16-இல் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்க்கத் திரண்டபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். தள்ளி வைப்பவர்கள் தடை நீங்கிய முதல் விசேஷத்தையும் தவிர்ப்பது உத்தமம். இன்னொரு செலவு, வயது. எண்பது வயதுக்காரரிடம் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று சொல்வது நமக்கு எளிது. அவர் கணக்கு வேறு. அவருக்கு மட்டும் வழி 3-ஐக் கவனமாகச் செய்துகொடுங்கள். ஒரு கார், வீட்டு ஆள் ஒருவர், கூட்டமில்லாத ஒரு நாள்.

## பணத்தைத் திருப்பிவிடுவது

இதைத் தனி வழியாகச் சொல்லவில்லை, எந்த வழியோடும் சேரும். 2020-இல் மும்பையின் லால்பாக் மண்டல் என்கிற விநாயகர் விழாக் குழு சிலையே வைக்காமல் ரத்த தானமும் பிளாஸ்மா தானமும் நடத்தியது. நாம் கோயிலுக்குப் போகாத நாளில் தட்டுக் காசில் வாழும் அர்ச்சகர், பூக்காரம்மா, நாயனக்காரர், தவில்காரர், களிமண் பிள்ளையார் செய்யும் குயவர் என்று ஒரு வரிசையே படுத்துவிடுகிறது. நிலையான சம்பளம் இல்லாத கோயில் பணியாளர்களுக்கு 2021-இல் தமிழ்நாடு அரசு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகைப் பொருளும் கொடுத்தது. பூக்காரம்மா அந்தப் பட்டியலில் வரமாட்டார். வேனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அவருக்கு ஜிபேயில் போட்டுவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | தொற்று அபாயம் | கடமை நிறைவேறுமா | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| வீட்டில் | உறவுக் கூட்டம் இல்லாவிட்டால் குறைவு | பெரும்பாலும் | பெண்களின் வேலைச்சுமை | முதியோர், நோயாளி உள்ள வீடு |
| நேரலை | இல்லை | தரிசனம் மட்டும் | போலி இணைப்பு, பழகிப்போவது | படுக்கையில் இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் |
| நேரில் | இடம், பயணம், நாளைப் பொறுத்து | முழுமையாக | வேன், லாட்ஜ், சாப்பாடு | அலை இறங்கும்போது, பக்கத்து ஊர் |
| தள்ளி வைப்பது | இப்போதைக்கு இல்லை | நேர்த்திக்கடன் மட்டும், பிறகு | பிந்தைய நெரிசல், முதியவரின் வயது | மொட்டை, காது குத்து, நடைப்பயணம் |

ஒரே வழியைத்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை. அலை உச்சத்தில் இருக்கும்போது என் தேர்வு, கடமையை வீட்டில், தரிசனத்தை நேரலையில், வேண்டுதலை மஞ்சள் துணியில். இறங்கத் தொடங்கியதும் விசேஷமில்லாத ஒரு நாளில் நேரில். இருமலோ காய்ச்சலோ இருப்பவர் மட்டும் எந்த அலையிலும் வெளியே வரக்கூடாது, வீட்டுப் பூஜைக்குக்கூடத் தனி அறையிலிருந்து கும்பிட்டால் போதும்.

நேரில் போவது என்று முடிவானால், முந்தின நாளே கோயில் அலுவலகத்துக்கோ பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ பங்கு அலுவலகத்துக்கோ போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட காலத்தில் நேரம் அடிக்கடி மாறும், அறிவிப்பு வாசல் பலகையில் மட்டும் ஒட்டியிருக்கும்.